திரும்பத் தெரிந்த கால்கள்

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதனினும் நீண்டவற்றை அல்ட்ரா மராத்தான் என்கிறோம். அத்தகைய தூரத்தை மலைப்பாதைகளில் ஏறி இறங்கிக் கடப்பவர்களைப் பற்றிப் பேசும் எவரும், “உடல் ஓய்ந்த பின்னும் மனம் ஓடியது” என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் இதே பாடந்தான் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லாமல் விடுவது ஆபத்தானது என்பது என் கருத்து.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். நம் நாட்டின் லடாக்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் கர்துங் லா சேலஞ்ச் என்னும் 72 கிலோமீட்டர் ஓட்டம் நடைபெறுகிறது. கர்துங் கிராமத்தில் விடியுமுன் இருளில் தொடங்கும் ஓட்டம், முப்பது கிலோமீட்டருக்கும் மேலாக ஏறிக் கர்துங் லா கணவாயைத் தொட்டு, அங்கிருந்து லே நகருக்கு இறங்குகிறது. கணவாயின் உயரம் 18,380 அடி என்று அங்குள்ள பலகை நெடுங்காலம் அறிவித்துவந்தது. பிற்கால அளவீடுகளின்படி அது ஏறத்தாழ 17,580 அடி. எண்ணூறு அடி குறைந்தாலும் மூச்சுக்கு ஆறுதல் இல்லை; அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவே இருக்கும். அதனால் ஓட்டக்காரர்கள் பல நாட்கள் முன்னதாகவே லேக்கு வந்து, உடலை உயரத்திற்குப் பழக்கிக்கொள்கின்றனர்.

மலை ஓட்டத்தில் ஏற்றம் நுரையீரலையும் இறக்கம் தொடையையும் சோதிக்கின்றன. செங்குத்தான ஏற்றங்களில் தேர்ந்தவர்களும் நடக்கவே செய்கின்றனர். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டபடியே உடலின் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டியிருப்பதால், தசை நார்கள் நுண்ணளவில் சிதைகின்றன. உடலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்து சில மணி நேரத்திற்குள் தீர்ந்துபோகும். வழியெங்கும் சிறிது சிறிதாக உண்டுகொண்டே செல்ல வேண்டும். வயிறோ உணவை ஏற்க மறுக்கும். தாகத்திற்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தாலும் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து உயிருக்கே இடர் நேரலாம். இரவு முழுவதும் நீளும் ஓட்டங்களில், உறக்கமின்மையால் பாறைகள் மனிதர்களாகத் தோன்றுவதும் உண்டு. இந்த நிலையில் மீதமுள்ள மொத்தத் தூரத்தை எண்ணினால் கால் எழாது. அடுத்த உதவி நிலையம் வரை மட்டுமே எண்ணுவது அனுபவசாலிகளின் வழி. இதற்கு மனவலிமை தேவை என்பதில் ஐயமில்லை.

இனி மறுபாதி. 2021 மே 22 அன்று, சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்றில் 172 பேர் கலந்துகொண்டனர். உயரமான பகுதியில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் சூறைக்காற்றும் தாக்கின. மெல்லிய உடையில் இருந்தவர்களின் உடல் வெப்பம் வேகமாகக் குறைந்தது. 21 பேர் உயிரிழந்தனர். அந்நாட்டின் முன்னணி மலை ஓட்ட வீரர் ஒருவரும் அவர்களுள் அடக்கம். காற்றைத் தடுக்கும் மேலங்கி அந்தப் போட்டியில் கட்டாயப் பொருளாக இருக்கவில்லை. அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைச் சேர்த்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். இறந்தவர்களுக்கு மனவலிமை குறைவு என்று யார் சொல்ல முடியும்?

நாம் நம்பியிருக்கும் மனமும் உடலின் ஒரு பகுதியே என்பதை இங்கே மறந்துவிடுகிறோம். குளிரிலும் பிராணவாயுக் குறைவிலும் முதலில் மங்குவனவற்றுள் ஒன்று, முடிவெடுக்கும் திறன். நடை தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் அருகில் இருப்பவர் அறிவார். ஓடுகிறவர் தாம் நலமாக இருப்பதாகவே நம்புவார். ஆகவே எங்கே நிறுத்துவது என்ற முடிவை மலையில் எடுக்கலாகாது. புறப்படுமுன் வீட்டிலேயே, தெளிந்த மனத்துடன் எடுத்து, ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். நிலையங்களுக்கான நேர வரம்பும் கட்டாயப் பொருட்களின் பட்டியலும் அத்தகைய முன்முடிவுகளே. ஆல்ப்ஸ் மலையில் மான்ட் பிளாங்கைச் சுற்றி நடைபெறும் புகழ்பெற்ற ஓட்டத்தில், மழை மேலங்கி, இரண்டு தலைவிளக்குகள், ஊதல் முதலியவை இல்லாதவருக்குத் தொடக்கக் கோட்டில் இடமில்லை. அதன் முதல் ஆண்டான 2003இல் சுமார் எழுநூறு பேர் புறப்பட்டு, 67 பேரே முழுச் சுற்றையும் முடித்தனர். மற்றவர்களை யாரும் கோழைகள் என்று சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையில் 50 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் நானும் 38ஆவது கிலோமீட்டரில் நின்றேன். ஆறு மாதப் பயிற்சி, கட்டணம், விடுப்பு எல்லாம் வீணாகின்றனவே என்ற எண்ணந்தான் கால்வலியைவிட அதிகமாக வருத்தியது. செலவழிந்துபோன தொகை இனி எடுக்கும் முடிவைத் தீர்மானிக்கலாகாது என்பது வணிகவியலின் பாலபாடம். அதை வகுப்பில் படித்தவன், வாடிக்கையாளர்களுக்கும் எடுத்துச் சொல்பவன். ஆயினும் அந்த நிலையத்து நாற்காலியில் உட்கார எனக்கு இருபது நிமிடங்கள் ஆயின. திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “முடித்துவிட்டீர்களா?”

எளிதில் கைவிடுவதற்கு இது சாக்காகிவிடாதா என்று கேட்கலாம். வலி வேறு, அபாயம் வேறு. கொப்புளமும் சலிப்பும் தசைவலியும் பொறுத்துக் கடக்க வேண்டியவை. தள்ளாட்டம், குழப்பம், அடங்காத நடுக்கம் ஆகியவை நிற்கச் சொல்லும் ஆணைகள். இந்த வேறுபாட்டை அறிவதே பயிற்சியின் பெரும்பகுதி. கணவாயிலிருந்து திரும்பியவருக்கு அடுத்த செப்டம்பரும் உண்டு.

எனவே மலையோட்டம் சென்று வந்த நண்பரிடம் நாம் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். “முடித்தீர்களா?” என்பதற்கு முன், “நலமாகத் திரும்பினீர்களா?” என்று கேட்போம். அந்தக் கேள்வி தமக்காக வீட்டில் காத்திருக்கிறது என்பதை அறிந்தவருக்கு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது சற்று எளிதாகும்.