பானைக்கும் மூச்சு வேண்டும்

கரைத்தீவைப் போன்ற புத்தளக் கரையோர ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்குத் தென்னையும் பனையும் புதியன அல்ல. பாளையைச் சீவி முட்டி கட்டுவதையும், இறக்கிய கள் விளிம்பு வரை நுரைத்து நிற்பதையும் அவர்கள் கண்டிருப்பர். ஆயினும் ஒன்றைக் கவனித்தவர் சிலரே. நுரைக்கும் முட்டியின் வாயை எவரும் இறுக அடைப்பதில்லை. ஈயும் தூசும் விழாதபடி துணியோ பன்னாடையோ மேலே இடுவதுண்டு, அவ்வளவே. அடைத்தால் என்னவாகும்? அடைத்தே ஆகவேண்டுமானால் எப்படி அடைப்பது? இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

கள்ளிலுள்ள சீனியை மதுவம் என்னும் நுண்ணுயிர் உண்கிறது. உண்ட சீனியில் ஏறத்தாழப் பாதி மதுசாரமாகிறது. மறுபாதி காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேறுகிறது. இதனையே நொதித்தல் என்கிறோம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் மதுவம் வேலை செய்யமாட்டாது. இனிய கருப்பநீர் கிடைக்கும். சுண்ணாம்பில்லாத முட்டியிலோ நுரை பொங்கும். ஒரு கிலோகிராம் சீனி முழுவதும் நொதித்தால் அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான வாயு பிறக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அது ஏறத்தாழ 270 லீற்றர் இடத்தை நிரப்பும். பெரிய எண்ணெய்ப் பீப்பா ஒன்றில் அடங்காத வாயு ஒரு பை சீனிக்குள் ஒளிந்திருக்கிறது!

இவ்வாயுவை ஆராய்ந்தவருள் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பிடத்தக்கவர். 1767ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதுவடிசாலை ஒன்றின் அருகே குடியிருந்த அவர், நொதிக்கும் தொட்டிகளின் மேலே தங்கி நின்ற வாயுவைக் கொண்டு சோதனைகள் செய்தார். அதனை நீரிற் கரைக்கும் முறையை 1772இல் நூலாக வெளியிட்டார். இன்று நாம் பருகும் சோடாவின் கதை அங்கே தொடங்குகிறது.

வெளிநாட்டில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். தம் இல்லத்திலேயே பியர் காய்ச்சிப் புளிக்கவைக்கும் நண்பர்களோடு தாமும் சேர்ந்திருப்பதாகவும், நொதிகலத்தின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் கடையிற் பலவாக இருப்பதால் எதனை வாங்குவதென்று தெரியவில்லை என்றும் வினவியிருந்தார். பிரித்தானியாவில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டிற் பியர் செய்வதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு இடந்தந்தது. நம் நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வது குற்றமாகும். ஆதலின் இங்குள்ளோர் இதனைச் செய்து பார்க்க முற்பட வேண்டா. எனினும், வீட்டில் மதுவமிட்டு இஞ்சிப் பானம் செய்யும் தாய்மாருக்கும் விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கும் இவ்வினாவின் விடை பயன்படும். எவ்வாறெனில், கலத்துள் இருப்பது பியரானாலும் இஞ்சிப் பானமானாலும் வாயுவின் குணம் ஒன்றே.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி நொதித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வாயு உண்டாகும். சாதாரண பியரில் லீற்றருக்கு இரண்டரை லீற்றர் அளவு வாயு கரைந்திருக்கும். மூடிய போத்தலில் அது 20 பாகை வெப்பத்தில் 2 பாருக்குச் சற்றுக் குறைவான அமுக்கத்தைத் தரும். மோட்டார்க் காரின் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அமுக்கமும் ஏறத்தாழ இதுவே. அதே போத்தலை 30 பாகையில் வைத்தால், புதிதாக ஒரு துளி வாயுவும் பிறவாமலே அமுக்கம் 3 பாரை அண்மிக்கும். வெப்பம் மிகுந்தால் கரைந்திருந்த வாயு வெளிவருவதே காரணம். குளிர்நாட்டு நூலிற் கண்ட அளவைப் புத்தளத்து வெயிலுக்கு அப்படியே எடுத்தாள்வது எத்துணை ஆபத்தென்பது இதனால் விளங்கும்.

இஞ்சிப் பானத்துக்கு லீற்றருக்கு 100 கிராம் சீனி இடுகிறோம் என்று கொள்வோம். அது முழுவதும் மூடிய போத்தலுள் நொதிக்குமானால், அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 30 மடங்கைத் தாண்ட வேண்டும். எந்தக் கண்ணாடிப் போத்தலும் அதுவரை பொறுத்திராது. அதற்கு நெடுமுன்பே சிதறிவிடும். சிதறும் கண்ணாடி முதலில் தேடுவது அருகே நிற்கும் பிள்ளையின் கண்ணையும் கையையுமே. ஆதலாற்றான் கருவித் தெரிவை வெறும் கடைச்சரக்கு விடயமாக நாம் கருதவில்லை.

கருவி வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாயு போய்விட வேண்டுமா, ஓரளவு உள்ளே நிற்க வேண்டுமா? கலம் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும்?

வாயு போய்விட வேண்டுமென்பதே நோக்கமானால் நீர்ப்பூட்டு போதும். மூடியில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீருள்ள போத்தலில் அமிழ்த்துவதே இதன் தத்துவம். உள்ளிருக்கும் வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்றும் பழ ஈயும் உள்ளே நுழையா. குழாய் நீரில் 5 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருந்தால் கலத்துள் ஏறும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கே. விலையும் சொற்பம். இதன் குறை ஒன்று: குழாய் ஒடுங்கியதாயின் பொங்கும் நுரை அதனை அடைத்துவிடும், பின்னர் மூடி வாணம்போற் கிளம்பும். ஆகவே விரிந்த குழாயே நன்று. பானையின் மேற்பகுதியில் ஐந்திலொரு பங்கையேனும் வெறுமையாக விடுதல் வேண்டும்.

வாயு ஓரளவு உள்ளே நிற்க வேண்டுமானால் விற்சுருள் வால்வு தேவை. ஜெர்மனியச் சொல்லைத் தழுவி இதனை ஸ்பண்டிங் வால்வு என்பர். குமிழைத் திருகி ஓர் அளவில் வைத்தால், உள்ளமுக்கம் அவ்வளவைத் தாண்டும்போது வில் விலகி மிகுதி வாயுவை வெளியே விடும். நம் சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரின் குண்டும் இதே வேலையைச் செய்கிறது; அங்கே வில்லுக்குப் பதிலாகப் பாரம் அமர்ந்திருக்கிறது. 1679இல் டெனி பாப்பின் என்பார் இலண்டனில் காட்டிய நீராவி அடுகலனே இவற்றுக்கெல்லாம் முன்னோடி. அமுக்கத்தில் நொதிக்கவைப்போர் இவ்வால்வைப் பெரும்பாலும் 0.7 முதல் 1 பார் வரை வைப்பர். அதாவது சதுர அங்குலத்துக்கு 10 முதல் 15 இறாத்தல். வெப்பமான இடத்தில் மதுவம் உண்டாக்கும் வேண்டாத பழவாசனையை அமுக்கம் குறைப்பதே இதன் நயம்.

இங்கே பலர் தடுமாறுவர். காபனீரொட்சைட்டுச் சிலிண்டரிற் பொருத்தும் ரெகுலேற்றரும் இந்த வால்வும் ஒன்றென எண்ணுதல் தவறு. 30 பாகையில் அச்சிலிண்டருள் 70 பாருக்கு மேற்பட்ட அமுக்கம் இருக்கும். அதனைக் குறைத்துக் கலத்துக்குள் அனுப்புவது ரெகுலேற்றர். கலத்துக்குள் தானே பிறக்கும் வாயுவை வெளியே விடுவது வால்வு. ஒன்று உள்வாயிற் காவலன். மற்றது வெளிவாயிற் காவலன். ரெகுலேற்றரை மட்டும் வாங்கி நொதிகலத்தை மூடிவைத்தவன் காவலின்றியே உறங்குகிறான். சமையல் வாயுச் சிலிண்டரின் ரெகுலேற்றரை இதற்குப் பயன்படுத்தவும் கூடாது. அது வேறு வாயுவுக்கும் மிகக் குறைந்த அமுக்கத்துக்கும் உரியது.

வால்வின் விலையைப் பார்க்குமுன் கலத்தின்மேற் பொறித்துள்ள தாங்குதிறனைப் பாருங்கள். அளவு பொறிக்கப்படாத கலத்தையும் சாதாரண கண்ணாடிச் சாடியையும் அமுக்க வேலைக்குத் தொடவே வேண்டா. திருகும் வால்வை எவரும் அறியாமல் இறுக்கிவிடலாம். நுரையும் அதனை அடைக்கலாம். ஆதலின், திருக முடியாததாய், கலத்தின் தாங்குதிறனுக்குக் குறைந்த அளவிலே தானே திறக்கும் காப்பு வால்வு வேறொன்றும் இருத்தல் அவசியம். 1 பாரை அளக்க 10 பார் வரையுள்ள அமுக்கமானி உதவாது. முள் அடிப்பகுதியிலேயே அசையும். 2 அல்லது 3 பார் வரையுள்ளதே தெளிவாகக் காட்டும். எல்லாம் பொருத்தியபின் வெறுங்கலத்தில் தண்ணீரை நிரப்பி, சைக்கிள் பம்பினாற் சிறிது சிறிதாகக் காற்றேற்றி, குறித்த அளவில் வால்வு திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மூட்டுகளிற் சவர்க்கார நீரைத் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். அமுக்கம் முழுவதும் இறங்கும்வரை மூடியைத் திறத்தல் ஆகாது. வெளியேறும் வாயு காற்றைவிடப் பாரமானது. தாழ்ந்த இடத்தில் தங்கி மூச்சைத் திணறச் செய்யும். ஆகவே காற்றோட்டமில்லாத சிற்றறை இதற்குத் தகாது.

யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கும் கூட்டுறவுச் சங்கங்கள் இச்சிக்கலை வேறு வழியால் தீர்க்கின்றன. அவை வெப்பமூட்டி மதுவத்தின் வேலையை நிறுத்துகின்றன. வாயுவின் ஊற்றுக்கண்ணை அடைத்த பின்னர் போத்தலின் வாயை அடைப்பதில் ஆபத்தில்லை. வீட்டு இஞ்சிப் பானத்துக்கோ எளிய வழி, அதனைச் சோடா விற்ற பிளாஸ்டிக் போத்தலில் இட்டு, விரலால் அமுக்கிப் பார்த்துக் கல்போல் இறுகியதும் குளிர்சாதனப் பெட்டியுள் வைத்து, விரைவிற் பருகி முடிப்பதே. குளிர் மதுவத்தை மந்தமாக்குமேயன்றிக் கொல்லாது என்பதை நினைவில் வைக்க.

மாணவர்கள் செலவின்றி ஒரு சோதனை செய்யலாம். ஒரு போத்தலில் இளஞ்சூடான நீரை விட்டு, தேக்கரண்டி சீனியும் சிறிது மதுவமும் இட்டு, வாயில் ஒரு பலூனை மாட்டி வையுங்கள். அந்த ஒரு கரண்டிச் சீனி ஏறத்தாழ ஒரு லீற்றர் வாயுவைத் தரவல்லது. பலூன் பருப்பதைப் பார்த்து நேரத்தையும் அளவையும் கொப்பியிற் குறியுங்கள். பலூனுக்குப் பதிலாக இறுகிய மூடி இருந்திருந்தால் அவ்வாயு எங்கே போயிருக்கும் என்று வீட்டிலுள்ளோரிடம் கேளுங்கள்.