நோயாளியின் பாஷை

மேல்சித்தாமூரில் என் சிநேகிதர் ஒருவர் வீட்டில் போன வருஷம் பெரிய வாக்குவாதம் ஒன்று நடந்தது. நானும் அதில் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அங்கே முழுவதும் சொல்லவிடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சிநேகிதரின் மகள் 'நீட்' பரீட்சையில் நன்றாகத் தேறிவிட்டாள். அகில இந்தியக் கலந்தாய்வில் வடக்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் வந்தது. நூறு வயதைத் தாண்டிய கல்லூரி. மாநிலக் கலந்தாய்வில் இன்னொரு இடம்: முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. அது பிறந்தது 2010-இல். அந்தப் பெண்ணைவிட இளையது!

"நூறு வருஷத்துக் காலேஜை விட்டுட்டு, சர்க்கரை ஆலைக்குப் பக்கத்துல போய்ப் படிக்கிறதா?" என்றார் ஒரு பெரியவர். கல்யாணப் பத்திரிகையில் போட்டால் எது எடுப்பாக இருக்கும் என்றுகூட ஒருவர் யோசித்தார்.

"அண்ணே, நீங்க நாலு எழுத்து எழுதறவரு. நீங்க சொல்லுங்க" என்றார் பெண்ணின் தகப்பனார்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். வைத்தியப் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். டாக்டராக இருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குச் சில விஷயங்கள் தெரியும். முண்டியம்பாக்கம் என்று சொன்னேன்.

பழைய கல்லூரியின் பெருமையை நான் மறுக்கவில்லை. தேர்ந்த ஆசிரியர்கள், பெரிய நூலகம், பல துறைகள் எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் படிப்பு நாலரை வருஷம். பிறகு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. இரண்டு இடத்தில் வாங்குவதும் ஒரே எம்.பி.பி.எஸ். பட்டம்தான். மேற்படிப்புக்கு இன்னொரு அகில இந்தியப் பரீட்சை இருக்கிறது. அது மதிப்பெண்ணைக் கேட்குமே தவிர, படித்த கல்லூரியின் வயதைக் கேட்காது. அப்படியானால் இந்த ஐந்தரை வருஷத்தில் பிள்ளை எதைக் கற்கப் போகிறாள்? புத்தகம் எங்கும் ஒன்றுதான். நோயாளிதான் வேறு.

என் தாயாரின் கதையைச் சொல்கிறேன். வடக்கே ஒரு நகரத்தில் என் தம்பி வேலை பார்த்த காலத்தில் அம்மா அவனோடு போய் இருந்தாள். ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போயிற்று. "கிறுகிறுன்னு வருதுடா. கண்ணைக் கட்டுது. நெஞ்சு படபடன்னு அடிச்சு, திடீர்னு நின்னு, திரும்ப அடிக்குது" என்றாள். இளம் டாக்டர் ஒருவர் தம்பியிடம் இந்தியில் விசாரித்தார். தம்பிக்குத் தெரிந்தது கடைவீதி இந்தி. அம்மா சொன்ன மூன்று சங்கதிகளும் அவன் வாயில் 'பலவீனம்' என்ற ஒரே சொல்லாகிவிட்டன. டாக்டர் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, தமிழ் தெரிந்த இன்னொரு டாக்டர், அம்மா வாயாலேயே கேட்டு, இருதயத் துடிப்பில் கோளாறு என்று கண்டுபிடித்தார். முதல் டாக்டர் கெட்டிக்காரர்தான், நல்லவரும்கூட. அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"இப்பல்லாம் முதல் வருஷ ஆரம்பத்துலயே உள்ளூர் பாஷையும் சொல்லித் தர்றாங்களே" என்று மறித்தார் பெரியவர். வாஸ்தவம். அதை வைத்துக் கொண்டு, எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேட்கலாம். பதில் பாடப் புத்தகத்திலா வரும்? ஒரு கிழவி வெட்கப்பட்டு எதை விழுங்குகிறாள், மருமகள் பக்கத்தில் நிற்பதால் எதை மாற்றிச் சொல்கிறாள் என்பதை எந்த வகுப்பில் நடத்துகிறார்கள்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். முதலில் இங்கிலீஷில்தான் நடத்தினார். 1860-களில் தமிழுக்கு மாறினார். அங்காதிபாதம் என்று உடற்கூற்று நூலையே தமிழில் உண்டாக்கினார். கடல் கடந்து வந்த அந்நியனுக்குத் தெரிந்திருக்கிறது, வைத்தியன் எந்தப் பாஷையில் நிற்க வேண்டுமென்று! நமக்குத்தான் தெரியவில்லை.

மேல்சித்தாமூர் சாமானிய ஊரல்ல. தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். அன்னம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று நான்கு தானங்களைக் குழந்தைகூட ஒப்பிக்கும். முண்டியம்பாக்கத்துக்கு எதிராக உரக்கப் பேசிய பெரியவர் அந்த நான்கையும் தினமும் சொல்கிறவர். ஔஷத தானம் செய்யப் போகிற பிள்ளை, செஞ்சியிலிருந்தும் மேல்மலையனூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற ஜனங்களிடம் தொழில் பழகினால் மட்டும் கௌரவம் குறைந்துவிடுமா?

இவ்வளவு பேசிய பிறகுதான், அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது, நானும்தான் கேட்கவில்லை. கேட்டேன். "எனக்கு ஊரை விட்டுப் போகணும் பெரியப்பா. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருக்காங்க" என்றாள். அந்த வீட்டில் அன்று நான் கேட்ட ஒரே நியாயமான காரணம் அதுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "போகணும்னா போம்மா. மத்தவங்க மெச்சணும்னு மட்டும் போகாதே. ஹாஸ்டல்னா அதுவும் வேற ஊருதான். கை பழகின பிறகு டெல்லிக்குப் போ, லண்டனுக்குப் போ" என்று மட்டும் சொன்னேன். இரண்டு ராத்திரி யோசித்து அவளே முண்டியம்பாக்கத்தில் சேர்ந்தாள்.

இந்த வருஷம் உங்கள் வீட்டிலும் இதே வாக்குவாதம் வரலாம். கல்லூரியின் வயதைத் தாராளமாக விசாரியுங்கள். அதோடு இதையும் விசாரியுங்கள்: அங்கே கட்டிலில் கிடக்கிற ஒருத்தி, "என்னமோ பண்ணுதும்மா" என்று அவள் பாஷையில் முனகினால், உங்கள் பிள்ளைக்கு அது விளங்குமா?