உறைப்பு மட்டும்தானா யாழ்ப்பாணம்?

கொழும்பு உணவகமொன்றின் பட்டியலில் ‘யாழ்ப்பாண நண்டுக் கறி’ என்று இருந்தால், அனேகமாக அதன் பக்கத்தில் சிவப்பு மிளகாய்ப் படமும் இருக்கும். சில இடங்களில் மூன்று மிளகாய். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இதே கதைதான். விளம்பரம் எழுதுகிறவர்கள், கமராவுக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்டுகிறவர்கள், விடுமுறைக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: யாழ்ப்பாணச் சமையலின் தனித்தன்மை அதன் உறைப்பு. இந்தப் பேச்சு யாழ்ப்பாணத்தவருக்கே பிடித்துப்போனதுதான் சங்கடம். உறைப்பைத் தாங்குவது ஒரு வீரமாகிவிட்டது.

ஓர் ஊரின் சமையல் பாணி எதில் இருக்கிறது என்ற கேள்விக்காக பீட்சாக்காரர்கள் அளவுக்குச் சண்டை பிடித்தவர்கள் குறைவு. நேப்பிள்ஸ்காரர்கள் 1984இல் அதற்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் குழையலில் சேரக்கூடாது, விறகு அடுப்பின் கடும் சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வேகவேண்டும் என்று விதி எழுதினார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பீட்சா சதுரமானது, ஓரம் கருகி மொறுமொறுப்பானது. கார்த் தொழிற்சாலைகளில் உதிரிப்பாகங்கள் போட்டுவைத்த உருக்குத் தட்டுகளில் 1946இல் அது தொடங்கியதாக அந்த நகரத்தார் சொல்வார்கள். தட்டை மாற்றினால் அந்த ஓரம் வராது. ஓரம் இல்லையென்றால் அது டெட்ராய்ட் பீட்சா இல்லை. எதை எடுத்துவிட்டால் ஒரு சாப்பாடு தன் ஊரை இழந்துவிடும்? யாழ்ப்பாணத்து உறைப்பையும் இந்தக் கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம்.

உறைப்புக் கட்சியின் முதல் வாதம் பழமை: இது பரம்பரை பரம்பரையாக வந்தது என்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் இலங்கையில் கால்வைத்தது 1505இல், யாழ்ப்பாண இராச்சியத்தை முற்றாகப் பிடித்தது 1619இல். ஆரியச் சக்கரவர்த்திகளின் நல்லூர் அடுக்களைகளில் அதற்கு முன் பல தலைமுறைகள் சமைத்துச் சாப்பிட்டிருக்கின்றன. அவர்களுக்குக் காரம் தேவைப்பட்டபோது மிளகும் இஞ்சியும் இருந்தன. வந்தேறிப் பொருள் என்பதற்காக மிளகாயைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நேப்பிள்ஸின் தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஆதிகாலத்து அடையாளம் என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

மிளகாய் இல்லாத சமையல் யாழ்ப்பாண வீடுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் பத்தியக் கறியில் செத்தல் மிளகாய் சேராது. மிளகு, மல்லி, நற்சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்த சரக்கில்தான் மீன் வேகும். அதைச் சாப்பிட்ட எவரும் ‘இது யாழ்ப்பாணச் சாப்பாடு இல்லை’ என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்தது தூள். யாழ்ப்பாணக் கறித்தூள் என்றால் மிளகாய்த்தூள்தானே என்று கேட்பவர்கள் அதை வறுக்கும்போது பக்கத்தில் நின்றிருக்க மாட்டார்கள். செத்தல் மிளகாய் அதில் தாராளமாகவே சேரும், மறுப்பதற்கில்லை. சிங்களச் சமையலில் கறித்தூள் ஒரு போத்தலிலும் மிளகாய்த்தூள் வேறு போத்தலிலும் இருப்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் இரண்டும் ஒரே தூளாகிவிடும். ஆனால் மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஒவ்வொன்றும் தனித்தனிப் பதத்தில் வறுபட வேண்டும். வெந்தயம் ஒரு கணம் கூடினால் கசக்கும், மல்லி குறைந்தால் பச்சை வாடை அடிக்கும். வீட்டுக்கு வீடு அளவு மாறும். மாமி வீட்டுத் தூள் அம்மா வீட்டுத் தூளாகாது. வெறும் மிளகாய்த்தூளைப் போட்டுச் சமைத்த கறி உறைக்கும். உலகத்தில் எந்த ஊர்க் கறியாகவும் அது இருக்கலாம். தூளில் மிளகாயைப் பாதியாக்கிச் சமைத்தாலோ, வாசம் வாசலுக்கு வரும்போதே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

வெயில் கொளுத்தும் வறண்ட மண் உறைப்பைக் கேட்கும் என்பது மூன்றாவது வாதம். வெயிலும் வறட்சியும் அம்பாந்தோட்டையிலும் உண்டு. அங்கே யாழ்ப்பாணச் சமையல் பிறக்கவில்லை. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை, கிணற்று நீர்தான். அந்த மண் தாராளமாகத் தந்தது பனையை. பதநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. பழத்துக் களியை வெயிலில் காயவைத்தால் பினாட்டு, மாவோடு பிசைந்து பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். இந்த வரிசையில் உறைப்பான பண்டம் எது?

மிளகாய்க்கும் இந்த மண்ணோடு ஓர் உறவு உண்டு, அது வேறு கதை. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, வலிகாமத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் பணப்பயிர்களாகக் கொழித்தன. கல்வீடு கட்டியவர்களும் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட, விலை விழுந்தது. யாழ்ப்பாணத்தின் பெயரோடு மிளகாய் இவ்வளவு ஒட்டிக்கொண்டதில் அந்தச் சில ஆண்டுகளுக்குப் பங்கு இருக்கக்கூடும். அது சந்தையின் வரலாறு. சமையலின் வரலாறு என்று அதைக் கொள்ள முடியாது.

எதிர்க்கட்சியின் வலுவான ஆயுதம் கூழ். மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகக் குடிப்பதுதானே கூழ் என்பார்கள். உண்மை, உறைப்பில்லாத ஒடியல் கூழ் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அது எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்து, மறுபடி ஊறவிட்டுக் கசப்பைப் போக்க வேண்டும். ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு கொதிக்கும். மீன் தலை, நண்டு, இறால், கணவாய் சேரும். கடைசியில் பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் ஒடியல் கரைசலும் விழ, முருங்கையிலை மேலே போகும். கோலிய பலாவிலையில் ஊற்றி, கூடியிருந்து குடிப்பார்கள். இதில் மிளகாயைப் பாதியாகக் குறைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீடுகள் எத்தனையோ. அப்போதும் அது கூழ்தான். ஒடியல் மாவுக்குப் பதில் சோளமாவைக் கரைத்து ஊற்றி, மிளகாயை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது தடித்த மீன் சூப். சோதனை முடிவு இதைவிடத் தெளிவாக வரமுடியாது.

கூழ் என்றதும் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். ஆடிப் பிறப்பன்று காய்ச்சும் ஆடிக்கூழ் அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்த இனிப்புக் கூழ். குழந்தைகளுக்காக அதைப் பாட்டில் வைத்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். யாழ்ப்பாணத்தின் மிகப் பிரபலமான சாப்பாட்டுப் பாட்டில் உறைப்புக்கு இடமே இல்லை!

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களில் சைவ வீடுகளின் அடுப்படியைப் பார்த்தால் போதும். கத்தரிக்காய்ப் பால்கறி, வெள்ளைக் கறியாக வைத்த பூசணி, முருங்கையிலை வறை, பருப்பு, தேசிக்காய்ப் புளி விட்ட சொதி. பச்சைமிளகாய் இரண்டு கீறிப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். காலை இடியப்பத்துக்கும் சொதிதான். குடாநாட்டில் வாரத்தில் அதிகம் சாப்பிடப்படும் கறிகள் தேங்காய்ப்பால் நிறத்தில் இருக்கின்றன. பட்டியல்களில் படம் பிடித்துப் போடப்படுகின்றவை மட்டும் சிவப்பாக இருக்கின்றன.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு உறைப்புத் தாங்காது, ஆகவே இந்தப் பாணி அங்கே அழிந்துவிடும் என்று ஒரு கவலையும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. மிளகாயைக் குறைத்த தூளிலும் வறுத்த சரக்கின் வாசம் இருக்கும். புட்டும் சொதியும் கடல் கடந்தும் புட்டும் சொதியும்தான். கவலைப்பட வேண்டியது ஒடியலுக்காக. போரில் ஏராளமான பனைகள் அழிந்தன. ஒரு விதை மரமாகிக் காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். கிழங்குக்கே விதைகளைப் பாத்தியில் அடுக்கி மாதக்கணக்கில் காத்திருந்து, தோண்டி, பிளந்து, காயவைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கிராமங்களில் அரிதாகி வருகிறது. பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ கடைகளில் ஒடியல் மா பொதியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி ஊறவைக்கப் பொறுமை உள்ள சமையற்காரர்கள்தான் வேண்டும்.