மலிவாய் வந்த யானை

நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பிள்ளை ஒருவர், இப்போது அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் குடும்பத்துடன் வசிக்கிறார். ஊரிலிருந்து அவருடைய தாயார் வரப்போகிறார். அந்த அம்மாளுக்கு மூட்டு வலி. தாயாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நயாகரா போய்வரப் பழைய பெரிய மோட்டார் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். "புதிதில் விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்குதான், ஸார்! வாங்கலாமா?" என்பது கேள்வி.

நாம் மோட்டார் நிபுணரல்லோம். ஆயினும், கணக்கிலே சந்தேகம் கேட்ட மாணாக்கருக்கு விடை சொல்லாதிருப்பது வாத்தியார் தர்மமாகுமா? படித்தும் கேட்டும் நாம் அறிந்ததை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

லிங்கன் நாவிகேட்டர் 1997-லும், காடிலாக் எஸ்கலேட் 1998-லும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 8 ஸிலிண்டர் என்ஜின், பெரும்பாலானவற்றில் மூன்று வரிசை ஆசனம், ஏறத்தாழ 2½ டன் எடை, உள்ளே தோல் மெத்தை. சீமான்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றுவிடுவார்கள். விலை மளமளவென்று சரியும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கோ இருக்கும்போதே விலை போய்விடுகிறது. குறையாதது தீனிச் செலவு ஒன்றுதான். வண்டி பழசாகிவிட்டது என்பதற்காக அதன் உறுப்புகளை யாரும் பழைய விலைக்குக் கொடுப்பதில்லை.

உதாரணமாக, லிங்கனின் பழைய வண்டிகள் பலவற்றிலும் இங்கிலாந்தின் ரேஞ்ச் ரோவரிலும் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் உண்டு. பயணம் மெத்தென்று இருக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ரப்பர் வறண்டு வெடிப்பு விடும். இரவெல்லாம் காற்றுக் கசிந்து, காலையில் வண்டி ஒரு பக்கம் மண்டியிட்டுக் கிடக்கும். அதை எழுப்பக் காற்றடிக்கும் யந்திரம் ஓயாமல் ஓடி, ஒரு நாள் தானும் எரிந்துபோகும். கசிவை அடைக்காமல் யந்திரத்தை மட்டும் மாற்றுகிறவர், ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்குகிறவரே ஆவார்.

என்ஜினிலும் சங்கடங்கள் உண்டு. நாவிகேட்டரில் 2005-க்குப் பின் சில ஆண்டுகள் வந்த 5.4 லிட்டர் என்ஜினில், நீண்ட ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றிக் கரி படிந்து இறுகிவிடும். கழற்றும்போது பாதி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். எஸ்கலேடின் பிற்கால என்ஜின்கள், பெட்ரோலை மிச்சப்படுத்த 8 ஸிலிண்டரில் நான்கை அவ்வப்போது ஓய்வெடுக்க வைக்கின்றன. வால்வைத் தூக்கும் சிறு உறுப்பு ஒன்று அதில் சிக்கிக்கொண்டால், மிச்சம் பிடித்த பெட்ரோல் பணமெல்லாம் பட்டறைக்குப் போய்விடும். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாத வண்டிகளே பெரும்பாலும் இவ்வாறு முதலில் படுக்கின்றன.

மிச்சிகனில் வேறொரு சத்துருவும் உண்டு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, அடிச்சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் அரித்துவிடும். கதவைத் திறந்தால் தானே கீழே வரும் மின்சாரப் படியும் துருவேறி அசையாது நின்றுவிடும். மூட்டு வலியுள்ள தாயாருக்கு வேண்டியது அந்தப் படியல்லவா?

பெரிய வண்டியெல்லாம் பொல்லாத வண்டி என்பது நம் கருத்தன்று. 1998 முதல் 2007 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா லாண்ட் குரூஸரில், 90,000 மைலுக்கு ஒரு முறை என்ஜின் பெல்ட்டை மாற்றி வந்தால், மூன்று லட்சம் மைல் ஓடுவதும் ஆச்சரியமில்லை. ஆகையினாலேயே அது மலிவாகக் கிடைப்பதுமில்லை.

ஆதலால் பிள்ளைக்கு நான்கு விதிகள் எழுதினோம். வண்டியை விடியற்காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கவும். பளபளப்பைப் பாராமல் பழுது பார்த்த ரசீதுகளைப் பார்க்கவும். அடிப்பக்கத்தைத் தொழில் தெரிந்தவரிடம் காட்டவும். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதலாண்டுச் செலவுக்கென்று தனியே வைக்கவும். அது இல்லையேல் வாங்கவேண்டாம்.

சென்ற வாரம் பதில் வந்தது. சனிக்கிழமை அதிகாலையில் போனாராம். வண்டி பின்புறம் தாழ்ந்து உட்கார்ந்திருந்ததாம். "ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடும்" என்றாராம் விற்பவர். நம் பிள்ளை எழுந்து வந்துவிட்டார். பிறகு, கட்டு ரசீதுகளோடு இருந்த வேறொரு சாதாரண வண்டியைச் சற்று அதிக விலைக்கே வாங்கினாராம். அதில் அம்மா ஏறுவதற்கு மரப்பலகையில் ஒரு சிறு படி செய்துகொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் படிக்கு மின்சாரம் வேண்டியதில்லை!