உம்மாவைத் தெரியாத இயந்திரம்

கணினி எமது தமிழை அழித்துவிடும் என்று நூல் வெளியீட்டு விழாக்களில் முழங்குகிறார்கள். எமது தமிழ் இன்னும் அதற்குள் சரியாகப் போய்ச் சேரவே இல்லை. உள்ளே இல்லாததை அது எப்படி அழிக்கும்?

நான் வெருகலில் படிப்பிக்கிறவன். தரம் ஒன்பது மாணவன் ஒருவன், காணி அளப்பது எப்படி என்று வாப்பாவின் கைத்தொலைபேசியில் தேடியிருக்கிறான். ஒரு காணி 132 சென்ட் என்று விடை வந்ததாம். தமிழ்நாட்டில் காணி என்பது ஓர் அளவு. அங்கே அந்த விடை சரி. எங்களுக்கோ காணி என்றால் நிலம். அதைப் பேர்ச்சில் அளப்போம், 160 பேர்ச் ஓர் ஏக்கர். அதே பையன் காணிப் பத்திரம் பற்றிக் கேட்டால் தாசில்தாரிடம் போகச் சொல்லும். வெருகலில் தாசில்தாருக்கு எங்கே போவது? நோன்பு துறக்கும் நேரம் கேட்டால் சென்னை நேரம் வரும். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், மஃரிபு ஒன்றல்ல.

இதற்கு இயந்திரத்தை ஏசிப் பயனில்லை. 2011இல் அமெரிக்கத் தொலைக்காட்சி வினாவிடைப் போட்டியில் வாட்சன் என்ற கணினி இரண்டு வெற்றியாளர்களைத் தோற்கடித்தது. போட்டி நேரத்தில் அதற்கு இணையத் தொடர்பு கிடையாது. முன்கூட்டியே சேமித்து வைத்த பக்கங்களில் தேடித்தான் விடை சொன்னது. இன்று வந்திருப்பவை வேறு விதமாக இயங்கினாலும், அவற்றுக்கும் தீனி எழுதப்பட்ட எழுத்துத்தான். அதிகம் எழுதி உள்ளே போட்டவனின் ஊர் விடையே எல்லோருக்கும் விடையாகிறது.

நாங்கள் குறைவாகவா எழுதினோம்? சித்திலெவ்வையின் 'அஸன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. அன்று தொட்டு எத்தனை கதைகள், எத்தனை சஞ்சிகைகள்! வட்டையும் போடியும் தோணியும் நிறைந்த எழுத்து. ஆனால் கணினி வந்த பிறகு எமது அச்சகங்கள் பாமினி எழுத்துருவில் கோர்த்தன. அதில் 'உம்மா' என்று அடித்தால் கண்ணுக்குத்தான் உம்மா. கணினியின் வயிற்றுக்குள் அது சி, கே, அரைப்புள்ளி, கே, எச். யாராவது உம்மாவைத் தேடினால் எமது நூல்களில் ஓர் உம்மாவும் அகப்பட மாட்டாள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் ஆயிரக்கணக்கில் நூல்களை வருடி வைத்திருப்பது பெரும் தொண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆயினும் பக்கத்தின் படம் வேறு, எழுத்து வேறு. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துப் பிழை பார்க்க வேண்டியவர்கள் நாங்கள். (அறபுத்தமிழ் ஏடுகளின் கதி இதைவிட மோசம், அதைத் தனியே எழுத வேண்டும்.)

கோப்பை வெளியே விட்டால் நூல் விற்காது என்கிறார்கள் சிலர். இப்போது மட்டும் விற்கிறதா? முந்நூறு பிரதி அடித்து, பாதியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். ரமழானா, ரமலானா, அறபா, அரபா என்று மாதக்கணக்கில் சண்டை பிடிக்க மாத்திரம் நேரமிருக்கிறது.

இந்தச் சஞ்சிகையையும் நான் விட்டுவைக்கவில்லை. பழைய இதழ்களின் கோப்புகள் எங்கே? பாமினியை யுனிகோடாக மாற்றும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நூலை மாற்றச் சில நிமிடம், பிழை திருத்த ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை யார் யார் தருவது என்று அடுத்த ஒன்றுகூடலில், பொன்னாடை போர்த்துவதற்கு முன்பே பேசி முடிப்போமா?