எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு

கொச்சிக்கு வரும் நண்பர்கள், புறப்படுவதற்கு முந்தைய இரவில் தவறாமல் ஒரு செய்தி அனுப்புவார்கள்: "நீ அங்கேதானே இருக்கிறாய்? நல்ல சாப்பாட்டுக் கடை நாலு சொல்லேன்." ஈராண்டுக் கலைவிழா நடக்கும் மாதங்களில் இச்செய்தி வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும். பள்ளுருத்தியில் குடியிருப்பவள் என்ற ஒரே தகுதியால் நானும் சொல்லி வந்தேன். கடந்த சில மாதங்களாகச் சொல்வதற்கு முன் தயங்குகிறேன். அந்தத் தயக்கத்தின் காரணத்தையும், தயக்கத்துக்குப் பிறகும் நான் சொல்லும் விடையையும் ஒருமுறை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் விடை. பசியோடு வருபவரிடம் தத்துவம் பேசக்கூடாது.

மட்டாஞ்சேரி நியூ ரோட்டில் ரஹ்மத்துல்லா ஹோட்டல் இருக்கிறது. பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை. 'காயீஸ்' என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் விளங்கும். அங்கே பிரியாணி. திண்டுக்கல் பிரியாணியின் காரத்தையோ ஆம்பூர்ப் பிரியாணியின் தக்காளிப் புளிப்பையோ எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். சின்னச்சின்ன கைமா அரிசி, மிதமான மசாலா, தொட்டுக்கொள்ள ஒரு சட்னி. நண்பகலுக்குச் சற்று முன்பே போய்விடுவது உத்தமம். குஜராத்தித் தெருவில் சாந்திலால் மிட்டாய்வாலா. இனிப்பும் காரமும் வாங்கிக்கொண்டு அப்படியே நடந்தால் புறாக்கள் மொய்க்கும் சமணக் கோயில். கோட்டைக் கொச்சியில் பர்கர் தெருவின் காசி ஆர்ட் கபே, ஓவியம் பார்த்தபடி காலைச் சிற்றுண்டி சாப்பிட விரும்புவோர்க்கு. சீன வலைகளின் அருகே மீனை நீங்களே வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் கடைகள் உள்ளன. அங்கே மீனின் விலையையும் சமையல் கூலியையும் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மீனைத் தொடுங்கள்.

பழைய ஒல்லாந்தர் காலத்து நினைவு வேண்டுமெனில், கோட்டைக் கொச்சியின் ஓரிரு பேக்கரிகளில் 'புரூடர்' என்று கேளுங்கள். உலர்திராட்சை இட்ட, லேசான இனிப்புள்ள ரொட்டி. இலங்கைப் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையில் வெட்டப்படும் அதே ரொட்டிதான். ஒல்லாந்து ஆட்சி இரண்டு கரைகளிலும் முடிந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் சொல்லும் ரொட்டியும் பிழைத்திருக்கின்றன.

பட்டியல் இவ்வளவுதான். இதை எழுத உள்ளூர்க்காரி தேவையில்லை, கைப்பேசியே சொல்லிவிடும். "நீ எங்கே சாப்பிடுகிறாய்?" என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தெருவுக்கு அடுத்த முனையில் இருக்கும் ஒரு சாயாக்கடையைப் பற்றி இதே பக்கத்தில் எழுதினேன். சகோதரிகள் இருவர் நடத்தும் கடை. நான்கு பெஞ்சுகள். விடியற்காலையில் புட்டும் கடலைக்கறியும். பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். துறைமுகத்துக்கும் மீன்பிடித் துறைக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தாம் வாடிக்கையாளர்கள். நிழற்படத்தோடு, வழியும் குறித்து, 'கொச்சியின் மிகச் சிறந்த புட்டு' என்று பெருமையோடு எழுதினேன். பதிவு பலரால் பகிரப்பட்டது. அடுத்த சில ஞாயிறுகளில் எர்ணாகுளத்திலிருந்து கார்கள் வந்தன. தெருவில் நிறுத்த இடமில்லாமல் சண்டை நடந்தது. ஒரு தட்டுப் புட்டைப் பல கோணங்களில் படமெடுக்க அரைமணி நேரம் பெஞ்சை விடாதவர்களும் இருந்தார்கள்.

நான் மகிழ்ந்துதான் இருந்தேன், அக்கடையின் மூத்த சேச்சி ஒருநாள் என்னை அழைத்துப் பேசும் வரையில். "மோளே, ஞாயறாழ்ச்ச ஆளுண்டு. திங்களாழ்ச்ச ஆருமில்ல" என்றார். ஞாயிறன்று கூட்டம், திங்களன்று யாரும் இல்லை. ஞாயிறு வந்தவர்கள் மீண்டும் வரவில்லை. அவர்களுக்கு அது ஒருமுறை பார்க்க வேண்டிய இடம். நாள்தோறும் வந்தவர்களோ நெருக்கடியைக் கண்டு வேறு கடைக்குப் போய்ப் பழகிவிட்டார்கள். வேலைக்குப் போகும் மனிதனுக்குக் காலை ஆறரை மணிக்குப் பெஞ்சில் இடமில்லையென்றால், காத்திருக்க நேரமில்லை. நான் ஒரு கடையை உலகுக்கு அறிமுகப்படுத்தியதாக நினைத்தேன். உண்மையில் ஒரு தெருவின் காலை ஒழுங்கைக் கலைத்திருந்தேன்.

அன்றே பதிவை நீக்கிவிட முனைந்தேன். சேச்சி அதற்கும் சம்மதிக்கவில்லை. "கடையை மறைத்து வைக்கவா நடத்துகிறோம்? ஒன்பது மணிக்குப் பிறகு வரச்சொல் என்று எழுது, காரைச் சந்தியிலேயே நிறுத்தச்சொல்" என்றார். அவர் சொன்னபடியே திருத்தினேன். சிறு கடைகளைப் 'பாதுகாக்க' அவற்றின் பெயரைச் சொல்லாமலிருப்பதும் ஒருவகை ஆணவம்தான் என்பதை அன்று கற்றேன். அவர்களுடைய வருமானத்தை அவர்களைக் கேளாமல் பெருக்கவும் எனக்கு உரிமையில்லை, சுருக்கவும் உரிமையில்லை. கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. என் தவறு முழுவதும் அதுதான்.

இச்சிக்கல் கொச்சிக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு பேசிய நம் நகரமான புதுச்சேரிக்குச் செல்வோர்க்குத் தரப்படும் பட்டியல்களைப் பாருங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவர்களுக்கிடையே உள்ள உணவகங்களே அவற்றில் நிறைந்திருக்கும். குருவாசான் உண்டு, கிரேப் உண்டு. மேற்கே குபேர் அங்காடியைச் சுற்றிக் காலைமுதல் உழைக்கும் மக்கள் எங்கே உண்கிறார்கள் என்பது அவற்றில் அரிது. இந்தோசீனத்தில் பிரெஞ்சு அரசுக்குப் பணிபுரிந்து திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த 'நெம்' எனும் வியட்நாமியப் பொரித்த சுருள், புதுச்சேரி வீடுகளில் உள்ளூர்ப் பண்டமாகவே ஆகிவிட்டது. பயணியின் கண்ணுக்கு வெள்ளையர் நகரம்தான் புதுச்சேரி. அதே கண்ணுக்குக் கோட்டைக் கொச்சிதான் கொச்சி. கொஞ்சம் தாராளமானவர்களுக்கு மட்டாஞ்சேரியின் யூதத் தெரு வரை. தோப்பும்படியைத் தாண்டித் தெற்கே பள்ளுருத்திக்கு வருபவர் இல்லை.

இந்த எல்லைகளை வகுப்பது சுவையன்று. உணவுப் பட்டியல் என்பது எப்போதுமே யார் எங்கே யாரோடு உட்காரலாம் என்பதற்கான பட்டியலாகவும் இருந்திருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி இட்ட விவகாரம் தமிழக அரசியலையே திருப்பியது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரே சொல்லை நீக்குவதற்காகப் பெரியார் நாள்தோறும் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கேரளத்திலும் அப்படியே. கொச்சிக்கு வடக்கே வைப்பின் தீவில், செறாயி என்னும் ஊரில், 1917 மே 29 அன்று சகோதரன் அய்யப்பன் கலப்பு விருந்தொன்றை நடத்தினார். சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்த ஒரு கறியும். ஈழவர் புலயரோடு அமர்ந்து உண்டனர். அதற்காக அவருடைய சொந்தச் சமூகத்தாரே அவரை விலக்கிவைத்துப் 'புலயன் அய்யப்பன்' என்று ஏசினர். அவரோ அந்த வசைப்பெயரைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

அந்த விருந்துக்கு ஓராண்டு முன்பு, 1916-இல், நாராயண குரு பிரதிஷ்டை செய்த பவானீசுவரர் கோயில் பள்ளுருத்தியில்தான் இருக்கிறது. தனு மாதத்தின் கடைசி வியாழனன்று இங்குள்ள அழகியகாவு கோயிலைச் சுற்றிப் புலவாணிபம் என்ற சந்தை கூடுகிறது. கோயிலுக்குள் வரவியலாதிருந்த புலயர்க்கு ஆண்டில் அந்த ஒருநாள் மட்டும் வழிபட அனுமதி கிடைத்ததன் நினைவு என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை. பாயும் கூடையும் சட்டியும் உணக்கமீனும் அன்று விற்கப்படும். கொச்சிக்கு வரும் நாள் உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டதென்றால், அந்த வியாழனைத் தேர்ந்தெடுங்கள். உண்ணும் இடத்தின் வரலாற்றை எந்த உணவகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

மட்டாஞ்சேரியின் மலிவான உணவுக்கடைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. துறைமுகத்தில் வேலை தேடி நிற்கும் கூட்டத்தின் மீது உலோக வில்லைகளை வீசுவார்கள். அடித்துப்பிடித்து ஒன்றைக் கைப்பற்றியவனுக்கே அன்றைய வேலை. 'சாப்பா' என்று அதற்குப் பெயர். அந்த முறையை எதிர்த்து எழுந்த தொழிலாளர் போராட்டத்தின் மீது 1953 செப்டம்பரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின. வில்லை கிடைக்காத நாளில் அவன் வீட்டு அடுப்பு எரிந்திருக்காது. அப்படிப்பட்டவர்கள் நாளும் உண்ட கடைகளின் வழிவந்த பெஞ்சுகளில்தான், 'நம்பகமான உள்ளூர்ச் சுவை' தேடி நாம் இன்று உட்காருகிறோம்.

மொழியியல் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. சாலையோரத்தில் 'ஊண்' என்ற மலையாளப் பலகையைப் பார்த்துவிட்டு, சைவ உணவு உண்ணும் என் நண்பர் ஒருவர் பதறினார். அது ஊன் அன்று, ஊண். டண்ணகரம் வேறு, றன்னகரம் வேறு. ஒன்று உணவு, மற்றது இறைச்சி. 'உண்' என்ற வினையின் பெயராகத் தமிழ் இலக்கியம் பேணிய சொல்லை நாம் பேச்சில் இழந்து 'சாப்பாடு' என்றும் 'மீல்ஸ்' என்றும் ஆக்கிக்கொண்டோம். மலையாளம் அதை நண்பகல் உணவின் பெயராகவே வைத்துக்கொண்டது. எனவே 'வீட்டிலெ ஊண்' என்ற பலகையைக் கண்டால் அஞ்சாமல் உள்ளே போங்கள். பெரும்பாலும் ஒரு குடும்பம் தன் முன்னறையில் மேசை போட்டு நடத்தும் சமையலறை அது. சோறு, சாம்பார் அல்லது மோர்க்கறி, ஒரு தோரன், பப்படம். மீன் வேண்டுமென்றால் தனிவிலை. சைவம் மட்டும் வேண்டுவோர் அதைச் சொன்னால் போதும். மனம் கோணாமல் பரிமாறுவார்கள். "இங்கே மீன் சமைத்த பாத்திரமா?" என்று பரிமாறுகிறவர் முகத்துக்கு நேரே விசாரிக்க வேண்டியதில்லை. எதை உண்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கேள்வி, கேட்கப்படுபவரின் காதில் பாத்திரத்தைப் பற்றியதாக மட்டும் விழுவதில்லை. மேலே சொன்ன வரலாறு அவர்கள் வீட்டிலும் நினைவில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் மற்றொன்றையும் அறிந்துகொள்ளலாம். கோட்டைக் கொச்சி வெளியில் சலவைத்துறை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் சீருடை வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் அங்கே இன்றும் தமிழ் பேசுகிறார்கள். மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் அப்படியே வாழ்கின்றன. உங்கள் உணவுத் தட்டில் இருக்கும் பப்படம் கொங்கணிப் பெண்களின் கைவேலையாக இருக்கக்கூடும். இந்த ஊரில் 'அசல் கேரளச் சாப்பாடு எது?' என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் சமைத்தார்கள். எல்லோருடைய சமையலும் உள்ளூர்ச் சமையலாயிற்று.

ஆகவே இனி என்னிடம் கேட்போர்க்கு நான் சொல்லப்போவது இதுதான். பெயர்ப்பலகையும் பெருங்கூட்டத்தைத் தாங்கும் இடமும் உள்ள கடைகளின் பெயர்களைத் தயங்காமல் தருவேன், மேலே தந்துவிட்டேன். நான்கு பெஞ்சுக் கடைகளைப் பொறுத்தவரை, நடத்துபவரைக் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தோடும் நிபந்தனையோடும் மட்டுமே சொல்வேன். அவர் வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். உங்களிடமும் இரண்டு வேண்டுகோள்கள். வேலைக்குப் போகிறவர்கள் உண்ணும் நேரத்தில் அவர்களுடைய பெஞ்சில் இடம்பிடிக்காதீர்கள். படமெடுத்துப் பதிவிடுவதற்கு முன், "போடட்டுமா சேச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சகோதரிகளின் கடை இப்போதும் இருக்கிறது. திங்கட்கிழமை வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பி வந்துவிட்டார்கள், எல்லோரும் இல்லை. வருகிறவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள், அழைத்துப் போகிறேன். ஒன்பது மணிக்குப் பிறகு.