வாய்ப்பேச்சில் கைமாறும் வண்டிகள்

மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். ஆனால் வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றப் பழைய மினி லாரி வாங்கும்போது, 'தெரிந்த ஆள்தானே' என்று சில லட்சம் ரூபாய் வியாபாரத்தை வாய்ப்பேச்சிலேயே முடித்துவிடுகிறோம். பிறகு பஞ்சாயத்து, காவல் நிலையம் என்று அலைகிறோம்.

வாய்மொழி ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாய்ப்பேச்சிலும் விற்பனை ஒப்பந்தம் செய்யலாம். என்ன பேசினோம் என்பதை நிரூபிப்பதில்தான் சிக்கல்.

'மீதிப் பணத்தை அறுவடை முடிந்ததும் தருகிறேன்' என்ற பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுதுறை 43 நெல் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும். சி.ஆர். 1009 என்றால் 155 நாளாவது ஆகும். விற்றவர் ஒரு நாளை நினைத்திருப்பார், வாங்கியவர் இன்னொரு நாளை நினைத்திருப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனாலும் சண்டை வருகிறது. பாக்கித் தவணையை யார் கட்டுவது, எஃப்.சி. செலவு யாருடையது என்பதிலும் இதே கதைதான்.

விற்றவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், புத்தகத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கியவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பழைய கடன் முடியாமல் இருந்தால், அறுவடை நேரத்தில் நிதி நிறுவனத்தார் வண்டியை எடுத்துப் போகக்கூடும்.

எனவே, வண்டி கைமாறும் முன்பு இவற்றைச் செய்யுங்கள்:

• விலை, முன்பணம், மீதி தர வேண்டிய தேதி, பாக்கித் தவணை, வண்டியின் நிலை, சாவி கொடுத்த நாள், நேரம் ஆகியவற்றை எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடுங்கள். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

• பணத்தை வங்கி வழியே கொடுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

• பதிவுப் புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெறாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

• படிவம் 29, 30-ஐ நிரப்பி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றுங்கள். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுக்காதீர்கள்.

• இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் வாங்கியவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

எழுதிக் கேட்பது அவநம்பிக்கை என்று தயங்க வேண்டாம். விதைக்கும் உரத்துக்கும் ரசீது கேட்டு வாங்குகிறோம். அதனால் கடைக்காரர் கோபிப்பதில்லை. உறவுக்காரரிடம் வாங்கினாலும் எழுதுங்கள். அந்த உறவு நிலைப்பதற்கும் அதுவே நல்லது.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மண் பரிசோதனை பற்றிப் பேசும் கூட்டத்தில் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்த பணம் ஒரு வண்டித் தகராறில் போய்விடக் கூடாது.